சுலுவுக்குள் மறைத்த பை

2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஃபிஜித் தலைநகர் சுவாவின் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களின் பழைய பட்டியல் ஒன்று என் கைக்கு வந்தது. நான் மதுரையிலிருந்து ஒப்பந்த டாக்டராகப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2000-இல் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த பிறகு, டாக்டர்கள் பலர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். சிறுநீர் அடைப்புக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தவரும் அதே வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியா போய்விட்டார். பட்டியலில் முப்பத்தெட்டு பெயர்கள். எல்லோரும் அறுபது தாண்டிய ஆண்கள். முப்பத்தெட்டு பேருக்கும் கடிதம் எழுதினேன். பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பாலசுப்பிரமணி.

நல்ல உயரம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இடுப்பில் ஃபிஜி பூர்வகுடி ஆண்கள் வேட்டி மாதிரிக் கட்டும் சுலு, சாம்பல் நிறத்தில். இந்திய வம்சாவளிக்காரர் ஒருவர் சுலு கட்டி வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்னால் அவர் மனைவி இந்திராவதி, ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டேன். "ஐயா, தமிழ் பேசுவீங்களா?"

அவர் முகம் விரிந்தது. "பேசுவேன் டாக்டர். நம்ப ஆஜா, அப்பாவோட அப்பா, வடாற்காட்டுலேர்ந்து கிர்மிட்டுல, அதான் கூலி ஒப்பந்தத்துல, கரும்பு வெட்ட வந்தாரு. வீட்டுல கெழவங்க இருக்கிற வரைக்கும் தமிழ்தான். இப்போ பேசத்தான் ஆளு இல்ல."

"என்ன தொந்தரவு?"

அவர் நர்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நர்ஸ் புரிந்துகொண்டு வெளியே போனாள். அதன் பிறகுதான் சுலுவை முழங்காலுக்கு மேல் தூக்கினார். கெண்டைக்காலில், சைக்கிள் ட்யூபை வெட்டிய பட்டையால், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை ஒன்று கட்டியிருந்தது. ட்யூப் தொடையோரமாக மேலே போனது.

"எவ்வளவு நாளா?"

"மூணு வருசம், டாக்டர்."

அந்த மூன்று வருஷத்தையும் அவர் எனக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னுமாகப் பதினெட்டு நாள் வார்டில் இருந்தார். மத்தியான ரவுண்ட்ஸ் முடிந்து நான் போய் உட்காரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் விட்ட இடங்களை இந்திராவதி சொன்னார்.

பாலசுப்பிரமணி வனுவா லெவு தீவில் ட்ரெகேட்டிக்காரர். அங்கே நெல் வயல்களில் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டினார். சொந்தமாகக் குத்தகை நிலமும் கொஞ்சம் இருந்தது. சாயங்காலமானால் பக்கத்து வீட்டுப் பூர்வகுடி நண்பன் ஏசாலாவோடு உட்கார்ந்து நங்கோனா குடிப்பார். வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்த அந்தக் கலங்கல் பானத்தை ஃபிஜியில் யாரும் தனியாகக் குடிப்பதில்லை. பாத்திரத்தைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்தால் பேச்சு ஓடும். அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசுகிறவர் பாலசுப்பிரமணிதான் என்று இந்திராவதி சொன்னார்.

தொந்தரவு 1996 வாக்கில் தொடங்கியது. ராத்திரியில் நாலு தடவை, ஐந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. போய் நின்றால் சீக்கிரம் வராது. வந்தாலும் நூல் மாதிரிதான் இறங்கும். முடித்துவிட்டு வந்து படுத்தால் முடியாத மாதிரி இருக்கும். டிராக்டரை மணிக்கொரு தரம் வரப்போரம் நிறுத்தினார். சாயங்காலத் தேநீரை விட்டார். பிறகு தண்ணீரைக் குறைத்தார். நங்கோனா குடித்தால் சிறுநீர் அதிகம் பிரியும் என்பதால், ஒரு நாள் அந்தக் கூட்டத்துக்கும் போவதை நிறுத்திவிட்டார். ஏன் வருவதில்லை என்று ஏசாலா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

ஒரே ஒரு முறை டாக்டரிடம் போனார். சுகாதார நிலையத்தில் அன்றைக்கு இருந்தது அவர் மகள் ப்ரேமிலா வயதுப் பெண் டாக்டர்.

"அந்தப் புள்ள கிட்ட இன்னான்னு சொல்றது? பிசாப் வரலன்னா? முதுகு வலின்னு சொல்லிட்டேன். மாத்திரையும் குடுத்துச்சு. வாங்கிட்டு வந்துட்டேன்," என்றார்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் என்னைக் கேட்டார். நான் மழுப்பவில்லை. வயதாக ஆக, சிறுநீர்ப் பையின் கழுத்தைச் சுற்றியிருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி பல ஆண்களுக்குப் பெரிதாகும். அது வழியை நெருக்கும். அந்தக் கட்டத்தில் மாத்திரையிலோ சின்ன சிகிச்சையிலோ பலருக்குச் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால், தேங்குகிற சிறுநீர் பின்னோக்கி அழுத்தி, சிறுநீரகங்களையும் மெல்லக் கெடுக்கும். இதைச் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2000 பிப்ரவரியில் ஒரு சளிக்காய்ச்சல். கடையில் வாங்கிய சளி மாத்திரையைத் தொடர்ந்து இரண்டு நாள் சாப்பிட்டார். ஏற்கெனவே நெருக்கிப்போன வழியை அந்த மாத்திரை முழுக்க அடைத்துவிட்டது. காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு பாறையாக எழும்பி நின்றது. ஏசாலாதான் தன் வேனில் ஏற்றி, அதே தீவில் இருந்த லம்பாசா நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் ஒவ்வொரு குழியிலும் வேன் இறங்கும்போது பாலசுப்பிரமணி கத்தினாராம். ட்யூப் போட்டதும் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் வந்தது.

"என் ஆயுசுல அந்த மாதிரி சுகத்தை நான் கண்டதில்ல டாக்டர். அழுதுட்டேன்."

இரண்டு நாள் கழித்து ட்யூபை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அடைத்துக்கொண்டது. மறுபடி ட்யூப். சுவாவுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளும்படி நாள் குறித்துக் கொடுத்தார்கள். மே 22, திங்கட்கிழமை.

பேன்ட் போட்டால் பை புடைத்துக்கொண்டு தெரிந்தது. ஏசாலாதான் தன் சுலுவில் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். "இதைக் கட்டு. யாருக்கும் ஒன்றும் தெரியாது," என்றான். லம்பாசாவில் குடித்தனம் செய்துகொண்டிருந்த ப்ரேமிலாவிடம், முதுகு வலிக்குச் சுவாவில் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புருஷனும் மனைவியும் கிளம்பினார்கள். நம்போவாலுவுக்கு பஸ், அங்கிருந்து கப்பல், கரை இறங்கிச் சுவாவுக்கு இன்னொரு பஸ். வியாழக்கிழமை போய்ச் சேர்ந்து இந்திராவதியின் தம்பி வீட்டில் தங்கினார்கள்.

மறுநாள், மே 19. மத்தியானம் நகரத்துப் பக்கம் புகை எழுந்தது. கடைகளை உடைக்கிறார்கள், எரிக்கிறார்கள் என்று ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மந்திரிகளையும் நாடாளுமன்றத்துக்குள் பிடித்து வைத்திருப்பதாக ரேடியோ சொன்னது. ஊரடங்கு போட்டார்கள். திங்கட்கிழமை எப்படியோ ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவசர ஆபரேஷன்கள் மட்டும்தான் நடக்கின்றன, நிலைமை சரியானதும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. ட்யூபில் சிறுநீர் ஓடிக்கொண்டிருக்கிற ஆள் அவசரக் கேஸ் இல்லைதான்.

இரண்டு வாரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். நகரத்து எல்லையில் ராணுவச் சோதனை. பஸ்ஸிலிருந்த எல்லா ஆண்களையும் இறக்கித் தடவிப் பார்த்தார்கள். பாலசுப்பிரமணியின் காலைத் தடவிய சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். கையில் ஏதோ புடைப்பாகத் தட்டுப்பட்டதும் பயந்துபோய் துப்பாக்கியைத் தூக்கினான். சுலுவை விலக்கச் சொன்னான். இவர் தயங்க, அவனே இழுத்தான். அந்த இழுப்பில் பையின் அடிக்குழாய் திறந்துகொண்டது. காலிலும் செருப்பிலும் ரோட்டிலும் சிறுநீர் வழிந்தது.

சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினான். தன் மொழியில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். குனிந்து அந்தக் குழாயை மூடவும் பார்த்தான். ஆனால் பஸ் ஜன்னல்களில் நாற்பது முகங்கள் இருந்தன.

"அதுல பாதி பேரு நம்ப லம்பாசா ஆளுங்கோ, டாக்டர். நான் யாருன்னு தெரிஞ்சவங்கோ."

கப்பலில் அவர் இந்திராவதியிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "இனிமே நான் கடலத் தாண்ட மாட்டேன். இது யாருக்கும் தெரியக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு." இந்திராவதி சத்தியம் செய்தார். பஸ்ஸில் பார்த்தவர்களும் அதை ப்ரேமிலா காதுக்குக் கொண்டுபோகவில்லை.

ஊரில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. ட்ரெகேட்டிப் பக்கம் இந்தியர்களின் மாடுகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில வீடுகளில் ஆட்கள் புகுந்தார்கள். ஏசாலா ஒரு மாதம் இவர்கள் வீட்டு வாசலில் காவலுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டியது. 1987 கலவரத்தின்போதே பாலசுப்பிரமணியின் தம்பி கனடா போய்விட்டிருந்தார். இப்போது ப்ரேமிலாவின் முறை. அவள் பள்ளிக்கூட டீச்சர், புருஷன் மெக்கானிக். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போக இருவருக்கும் அனுமதி கிடைத்தது.

2001 ஜனவரியில் நாள் சொல்லிவிட்டுப் போக வீட்டுக்கு வந்தாள். அவர்கள் வீட்டில் பேசுவது ஃபிஜி இந்திதான். அவர் எனக்குத் தமிழில் சொன்னபடி எழுதுகிறேன்.

"பதினோராம் தேதி ஃப்ளைட் பா. நாந்தி ஏர்போர்ட்டுக்கு வருவீங்கல்ல? முந்தின நாளே வந்து நமாகாவுல அத்தை வீட்டுல தங்கிக்கலாம். என் வீட்டுக்காரர் பக்கத்து ஆளுங்க எல்லாம் வர்றாங்க."

பாலசுப்பிரமணி கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு பஸ், ஒரு கப்பல், மறுபடி நாலு மணி நேர பஸ். போன மாதம் மட்டும் ட்யூப் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. வாடை வேறு இருந்தது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் நடுவே, விமான நிலையத்தில், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிற நேரத்தில் அது கழன்று விழுந்தால்?

"நான் வரல," என்றார்.

"ஏன் பா?"

"நாட்ட உட்டு ஓடுறவங்கள வழியனுப்ப நான் வரணுமா? நாலு தலமொறையா ஒழச்ச மண்ணு. நாலு பேரு கத்துனா ஒடனே பெட்டியத் தூக்கிட்டு ஓடுறதா? நீ போ. நான் பாக்க வரமாட்டேன்."

இந்திராவதி சமையலறை வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "போகாதேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே பா," என்று மட்டும் சொல்லிவிட்டு ப்ரேமிலா கிளம்பிப் போனாள். கிளம்பும் முன் அவள் காலில் விழப் போனபோது அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். குனிந்தால் அவள் முகத்துக்கு நேரே பை இருக்கும்.

அவள் போனதும் இந்திராவதி சத்தம் போட்டார். "ஏன் இப்படிப் பேசினீங்க? உண்மையச் சொன்னா என்ன கொறஞ்சுடும்?"

"இன்னா சொல்றது? மூத்திரப் பை கட்டிக்கிட்டு இருக்கேன், அதனால வரலன்னு சொல்லவா? கோவம்னு சொன்னா அதுல ஒரு கவுரவமாவது இருக்குது."

இந்திராவதி மட்டும் நாந்தி போய்விட்டு வந்தார். ப்ரேமிலா கடைசி வரைக்கும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று வந்து சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார்.

அந்த அக்டோபரில் ப்ரேமிலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் வந்து இருக்கச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டாள். இந்திராவதியால் போக முடியவில்லை. பையை மாற்றுவதும், உப்புத் தண்ணீர் விட்டு ட்யூபைக் கழுவுவதும், காய்ச்சல் வந்தால் லம்பாசாவுக்கு அழைத்துக்கொண்டு ஓடுவதும் அவர் வேலை. மாதத்துக்கு ஒரு தடவையாவது பாலசுப்பிரமணிக்குக் காய்ச்சல் வந்தது. முட்டி வலி, வர முடியாது என்று இந்திராவதி பொய் சொன்னார். அப்பாதான் விடவில்லை என்று ப்ரேமிலா எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபோன் அடிக்கும். அடித்ததும் பாலசுப்பிரமணி எழுந்து வெளியே போய்விடுவார். உட்கார்ந்திருந்தால் மனைவி ரிசீவரைத் தன்னிடம் நீட்டிவிடுவாளோ என்ற பயம். நீட்டினால் என்ன பேசுவது? கோபக்காரனாகவே பேசுவதா, உண்மையைச் சொல்வதா? முதல் மாதத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் ஆன பிறகு எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்றார்.

என் கடிதம் போனபோதும் அவர் வர மறுத்தார். இந்த முறை இந்திராவதி அவரிடம் கேட்கவில்லை. ஏசாலாவிடம் சொன்னார். ஏசாலா கூடவே கப்பலில் வந்து சுவாவில் இறக்கிவிட்டுப் போனான்.

சுரப்பி தொண்ணூறு கிராமுக்கு மேல் வளர்ந்திருந்ததால் அடிவயிற்றைத் திறந்துதான் எடுத்தேன். மூன்று நாள் சிறுநீரில் ரத்தம் வந்தது. பாட்டில் பாட்டிலாகச் சலைன் விட்டுக் கழுவினோம். ஏழாம் நாள் காலையில் ட்யூபை எடுத்தேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றுமில்லை. இன்னும் அரை மணி கழித்து எழுந்து கழிப்பறைக்குப் போனார். இந்திராவதி கதவுக்கு வெளியே நின்றார். நான் வார்டின் மறு கோடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி: "சத்தம் கேட்டுச்சா?"

இந்திராவதி தலையை ஆட்டிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குத்தான் அந்தச் சந்தோஷம் முழுதாக இல்லை. அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாள் என் மேஜையில் இருந்தது. தேங்கிய சிறுநீரும் மூன்று வருஷத்துக் கிருமித் தொற்றும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் பாதிக்கு மேல் கெடுத்திருந்தன. ஆபரேஷன் அதைத் திருப்பித் தராது. இரண்டு நாள் கழித்து அவரிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் கேட்டது வேறு.

"டாக்டர், இங்கேர்ந்து ஆக்லாந்துக்கு ஃபோன் பேச முடியுமா?"

என் அறையில் உட்காரவைத்து நானே நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். வெளியே போகப் பார்த்தேன்; இருங்க என்று கையைக் காட்டினார். அதற்குள் எனக்கும் அந்த இந்தி புரியத் தொடங்கியிருந்தது.

"ப்ரேமிலா, நான்தான் பேசறேன்."

அந்தப் பக்கம் அவள் பதறியது எனக்கே கேட்டது. "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மா நல்லா இருக்கா. எனக்குத்தான்..." பிறகு எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னார். ஆபரேஷனை முதலில் சொன்னார், அப்புறம் பை, அப்புறம் சோதனைச் சாவடி. கடைசியில்தான் வர வேண்டிய இடத்துக்கு வந்தார். "அன்னிக்கு நான் வராதது கோவத்துல இல்ல. இதனாலதான். வெக்கமா இருந்துச்சு."

அப்புறம் அவள் பேசினாள். அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டார். ரிசீவரை வைத்த பிறகு, அவள் சொன்னதை எனக்குச் சொன்னார்.

"அதுக்காகவா பா-ன்னு கேக்கறா. அன்னிக்கு ஏர்போர்ட்டுல அவ மாமியார் வீட்டு ஆளுங்க எல்லாம், அப்பா ஏன் வரலன்னு கேட்டாங்களாம். என் மானத்தக் காப்பாத்த, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு பொய் சொன்னாளாம்." அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. "அவ பொய்யின்னு நெனச்சு சொன்னதுதான் டாக்டர் நெசம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"ரெண்டு வருசம் ஒங்கள வெறுத்தேன் பா, இப்போ அத எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியலன்னு சொன்னா. அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டா."

அவள் மறுபடி பேச மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பிறகு பேசினாள். வாராவாரம் பேசினாள். பழைய மாதிரி இல்லை, ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள் என்றார் அவர். தன்னோடு வந்து இருக்கும்படி இருவருக்கும் விண்ணப்பம் போட்டாள். 2005-இல் மருத்துவப் பரிசோதனை நடந்தது. இந்திராவதிக்கு அனுமதி கிடைத்தது. சிறுநீரகங்கள் இருந்த நிலையில் அவருக்குக் கிடைக்கவில்லை. ப்ரேமிலா ஒரு முறை மகனோடு வந்து பத்து நாள் இருந்தாள். நாலு வயதுப் பையனுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். தாத்தாவிடம் வர அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. பழகின மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்னிடம் பரிசோதனைக்கு வருவார். மறுபடி பேன்ட் போடத் தொடங்கியிருந்தார். வரிசையில் உட்கார்ந்திருக்கிற தன் வயது ஆண்களிடம், "ராத்திரியில எத்தன தரம் எந்திரிக்கிற?" என்று பட்டென்று கேட்பார். சிலர் முறைப்பார்கள். லம்பாசாவிலிருந்து மூன்று பேரை அவரே கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் மூவருக்கும் சிறுநீரகம் கெடவில்லை. அதைச் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டாரா, தன்னை நினைத்து வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

2006 டிசம்பரில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. என் மனைவி நந்திதாவுக்கு, இனி அங்கே பிள்ளைகளை வளர்க்க முடியாது என்று தோன்றியது. எனக்கு பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. பிப்ரவரியில் அவர் பரிசோதனைக்கு வந்தபோது சொல்ல வேண்டியதாயிற்று.

"நீங்களுமா டாக்டர்?"

நான் ஏதேதோ சொன்னேன். பிள்ளைகளின் படிப்பு என்றேன். வேறு டாக்டர் வருவார் என்றேன். யார் வருவார் என்று எனக்கே தெரியாது.

அவர் குறை சொல்லவில்லை. ட்ரெகேட்டி நிலத்துக் குத்தகை முடிந்துவிட்டது, லம்பாசாவில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றார். ப்ரேமிலாவுக்கு இரண்டாவது குழந்தை. இந்திராவதி ஆக்லாந்து போய் நாலு மாதம் ஆகிறது. நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன் என்றார். "சோறு நானே வடிச்சிக்கிறேன். கறியிலதான் உப்பு கூடிப் போவுது. உப்பு ஆவாதுன்னு நீங்க சொன்னீங்க, நெனப்பு இருக்குது."

ரத்தப் பரிசோதனை முடிவு முந்தினதைவிட மோசமாக இருந்தது. மருந்தை மாற்றி எழுதினேன். அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கப்பலுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார்.

2009 ஆகஸ்டில் பாலசுப்பிரமணி லம்பாசாவில் இறந்துபோனார். சிறுநீரகங்கள்தான். ப்ரேமிலா எனக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தாள். அவளும் அம்மாவும் வந்து சேர்ந்தபோது இரண்டு நாள் ஆகியிருந்ததாம். கடைசியில் பக்கத்தில் இருந்தது ஏசாலா மட்டும்தான். அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று அவள் கேட்டதற்கு, ஏசாலா நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டு, அவர் தமிழில் பேசினார், எனக்குப் புரியவில்லை என்று சொன்னானாம்.